அஞ்சலாட்சி அக்காவின் கட்டைவிரல்

போன வாரம் சிதம்பரத்தில், ரேஷன் கடையில் என் கட்டைவிரலைக் கருவி ஏற்கவில்லை. துடைத்து வைத்தேன், அழுத்தி வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் நின்ற பெரியவர், “தலையில தேச்சுட்டு வைங்க சார், எண்ண பட்டா எடுக்கும்” என்றார். தேய்ப்பதற்குத் தலையில் முடி வேண்டுமே! கடைக்காரர் சிரித்துக்கொண்டே கண்ணைப் படம் பிடிக்கும் கருவியை நீட்டினார். ஒரு நொடியில் வேலை முடிந்தது. ஆனால் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் அஞ்சலாட்சி அக்கா.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. பண்ருட்டிப் பக்கம் பெண்களுக்குக் குழுக்கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. பைக், தோளில் பை, பைக்குள் கைரேகைக் கருவி. ஊருக்குள் நுழைந்தால் “லோன் சார் வந்துட்டாரு” என்பார்கள். அந்த ‘சார்’ எனக்குக் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது. அந்த ஊர்களில் எப்போதும் முந்திரி வறுக்கும் வாசனை. முந்திரி என்றதும் உங்களுக்குப் பாயசம் ஞாபகம் வரும். இது வேறு. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் புகைந்து தொண்டையில் போய் உட்காரும். அந்த எண்ணெய்தான் கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்களையும் தின்றுவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் தோல் வெந்து உரியும்.

அஞ்சலாட்சி அக்கா இருபது வருடமாக உடைத்தவர். மகள் கவிதாவை நர்சிங் படிப்பில் சேர்க்கக் கடன் கேட்டார். ஐந்து பேர் குழு. ஐவருக்கும் ரேகை விழுந்தால்தான் கடன். மற்ற நால்வரும் மாடு, வயல் என்று இருந்தவர்கள், அவர்களுக்கு உடனே விழுந்துவிட்டது. அக்காவின் பத்து விரலையும் வைத்துப் பார்த்தேன், சிவப்பு விளக்குதான். கருவியில் கோளாறோ என்று பக்கத்தில் நின்ற கவிதாவின் கட்டைவிரலை வைக்கச் சொன்னேன். தொட்டதும் பச்சை எரிந்தது. அவள் கைகொட்டிச் சிரித்தாள்.

“மிசினு நல்லாத்தான் இருக்குது சார். என் வெரலுதான் செத்துப்போச்சி” என்றார் அக்கா.

அப்போதுதான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். “பதினஞ்சு நாள் கொட்டை ஒடைக்காதீங்கக்கா. தெனம் தேங்கா எண்ண தடவுங்க. ரேகை வந்துடும்.” அக்கா அப்படியே செய்தார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜோசியக்காரன் மாதிரி அவர் கையை வாங்கிப் பார்ப்பேன். பத்தாம் நாள் மெல்லிசாகக் கோடுகள் தெரிந்தன. அவரைவிட நான்தான் அதிகம் துள்ளினேன்.

பதினைந்தாம் நாள் மறுபடி சிவப்பு. விரல் புதிதாகக் கறுத்திருந்தது.

“ஒடைச்சீங்களா?” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

“மூணு நாளுதான் சார் போனேன். ஊட்ல அரிசி இல்ல.” அவர் தலை நிமிரவே இல்லை.

கூலி இல்லாமல் பதினைந்து நாள் எதைச் சாப்பிடுவார்கள் என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. நான் மூன்று வேளையும் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாதக் கடைசி வேறு, மேலதிகாரி போனில் கத்துகிறார். அக்காவைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு வேறொரு பெண்ணைச் சேர்த்தேன். கடன் வந்தது, அக்காவுக்கு மட்டும் வரவில்லை. கல்லூரியில் பணம் கட்டும் கடைசி நாளும் போனது. அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்குள் நான் பைக்கை மெதுவாக ஓட்டியதே இல்லை.

அந்த நிறுவனம் இன்று இல்லை, பைக்கும் இல்லை, ‘லோன் சாரு’ம் இல்லை. அப்படி எல்லாம் கழன்றுபோய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன வருடம் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், “லோன் சார்தானே?” என்று நின்றாள். கவிதா.

“அம்மா நல்லாருக்காங்க. ஒங்கள விசாரிப்பாங்க” என்றாள். திட்டியிருந்தால் தேவலை. என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டேன்.

“முந்திரி கம்பெனிலதான் சார். அம்மா ஒக்காந்த எடத்துல.” சிரித்தபடி கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள். “எனக்கும் இப்ப ரேகை வுழறதில்ல. ரேஷன்ல கண்ணத்தான் காட்டறேன்.”

அன்று தொட்டதும் பச்சை எரிந்த விரல். ஒரு கோடுகூட இல்லை.