போரூர் வழியாகப் போன கருத்தரங்கு

பதினோராவது பொன்னாடையை டீன் கையில் எடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு இந்த மேடையில் விஞ்ஞானம் நடக்கப்போவதில்லை.

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவப் பல்கலைக்கழகம். அதன் ஆராய்ச்சிப் பிரிவில் நான் நிர்வாக அலுவலராக இருந்தேன். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். வருடத்துக்கு ஒரு நாள் எங்கள் பிரிவு ஒரு கருத்தரங்கு நடத்தும். அது போஸ்ட்டாக்குகளின் நாள். போஸ்ட்டாக் என்றால், பிஎச்.டி. முடித்துவிட்டு, நிரந்தர வேலை கிடைக்கும்வரை ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி செய்பவர். பெயருக்கு முன்னால் டாக்டர் இருக்கும், அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பது மட்டும் தெரியாது. வருடமெல்லாம் லேபில் தலை குனிந்து கிடக்கும் பிள்ளைகள் அன்றைக்கு மேடையேறி, ஆளுக்குப் பத்து நிமிடம், தாங்கள் கண்டதைச் சொல்வார்கள்.

சொல்ல விட்டால்.

1. விளக்கும் வரவேற்பும்

அந்த வருடம் நான் காத்திருந்தது மலர்விழியின் பேச்சுக்கு. வேப்பம்பட்டிலிருந்து மின்சார ரயிலில் ஆவடி வந்து, அங்கே பஸ் பிடித்து லேபுக்கு வருகிற பெண். சர்க்கரை நோயாளிகளின் கால் புண் மருந்துக்கு ஏன் ஆறுவதில்லை என்பது அவள் ஆராய்ச்சி. அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது.

விருந்தினர்களில் டாக்டர் வசந்தா என்று ஒருவர். மதுரைக்காரர், பெங்களூரில் லேப் நடத்துகிறார். அங்கே ஓர் இடம் காலி. அதற்கு ஆள் தேடித்தான் வந்தார். போனிலேயே சொல்லிவிட்டார்: "பயோடேட்டா எல்லாம் அனுப்பாதீங்க. பேசுறதக் கேட்டுத்தான் ஆள் எடுப்பேன்."

காலையில் குத்துவிளக்கு ஏற்றவே ஒரு யுகம் ஆனது. ஐந்து முகம், பதினான்கு பிரமுகர்கள். திரியைவிட ஆள் அதிகம். ஏற்றிய முகத்தையே மறுபடி ஏற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வரவேற்புரை சொன்னவர் எல்லாரையும் வரவேற்றுவிட்டு, வராதவர்களையும் நினைவுகூர்ந்தார். பிறகு பொன்னாடை. ஏசி ஹாலில்கூட வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள் போர்த்தப்பட்டவர்கள்.

நான் மேடை ஓரம் போய் டீனிடம் மெல்லச் சொன்னேன். "சார், பசங்க பேசணும்."

"பேசட்டும் மேடம், யாரு வேணாம்னா? ஆளுக்கு மூணு நிமிஷம்னு சொல்லிடுங்க. கெஸ்ட்டு மனசு கோணக் கூடாது பாருங்க."

இரண்டு வருட உழைப்புக்கு மூன்று நிமிடம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவது போஸ்ட்டாக் பேசிக்கொண்டிருக்கும்போது டாக்டர் வசந்தா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். விமானத்துக்கு நேரமாகிறதாம். உண்மையில் நேரம் நிறைய இருந்தது. ஆனால் பெங்களூரில் குடியிருப்பவர்களுக்கு டிராஃபிக் என்றாலே ஒரு பயம். மலர்விழி பேச வேண்டியது கடைசியில்.

வெளியே வராந்தாவில் அவள் லேப்டாப்பைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது.

"அவங்க என் பேச்சு நல்லா இல்லன்னு போயிருந்தாகூட பரவால்ல மேடம். கேக்காமலே போறாங்க."

"போகலை. கார் இன்னும் வரலை. மேடையில அந்த மூணு நிமிஷம் போனாப் போகுது, என்கூட வா."

2. பாஸ்கரின் ரூட்

எங்கள் டிரைவர் பாஸ்கர் திருவேற்காட்டுக்காரர். வண்டியை எடுத்து வந்து நிறுத்தியவர் என்னைக் கேட்டார்: "மேடம், குன்றத்தூர் ரூட்டு காலியா கீது. அப்படியே பல்லாவரம் போய் ஏர்போர்ட்டுல இறக்கிடவா?"

"வேண்டாம். போரூர் வழியா போங்க."

"போரூரா? ரோட்ட நோண்டிப் போட்டுகினு கீறாங்க மேடம். மாட்டிகினா அவ்ளோதான்."

"ஃபிளைட்டுக்கு விட்டுடுவீங்கல்ல?"

"அதெல்லாம் உட்டுருவேன்."

"அப்ப போங்க."

பாஸ்கர் என்னைப் பார்த்தார், லேப்டாப்போடு நின்ற மலர்விழியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "சரி மேடம். நல்லாவே மாட்டிக்கலாம்."

விருந்தினரை வழியனுப்பும் சாக்கில் நான் முன் சீட்டில் ஏறினேன். மலர்விழி பின்னால், டாக்டர் வசந்தாவுக்குப் பக்கத்தில். குமணன்சாவடி தாண்டியதும் பாஸ்கர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். முன்னால் தண்ணீர் லாரி, பின்னால் காலேஜ் பஸ், பக்கத்தில் ஷேர் ஆட்டோ. வண்டி அசையவில்லை.

மலர்விழி லேப்டாப்பைத் திறந்து ஆரம்பித்தாள்: "ரெஸ்பெக்டட் டீன், டிஸ்டிங்விஷ்டு கெஸ்ட்ஸ்..."

"யம்மா, அதெல்லாம் மேடையிலேயே கேட்டு முடிச்சாச்சு. புண்ணு ஏன் ஆறல, அதச் சொல்லு" என்றார் டாக்டர் வசந்தா.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "பாத்திரத்துல ரெண்டு நாள் தண்ணி நின்னா அடியில வழவழன்னு பிடிக்கும்ல மேடம்? புண்ணுலயும் கிருமிங்க சேர்ந்து அப்படி ஒரு உறை கட்டிக்குது. மருந்து உறைக்கு வெளியவே நின்னுடுது." அந்த உறையைக் கரைக்க ஒரு நொதியைச் சோதித்த கதையை, ஒவ்வொரு ஸ்லைடாகத் தள்ளிச் சொன்னாள்.

"எல்லா சாம்பிள்லயும் கரைஞ்சுச்சா?" என்று கேட்டார் டாக்டர் வசந்தா.

"இல்ல மேடம். சிலதுல கரையல. அந்த ஸ்லைடும் இருக்கு, பாருங்க."

"ஏன் கரையல?"

"தெரியாது மேடம். ரெண்டு காரணம் தோணுது, எது சரின்னு இன்னும் டெஸ்ட் பண்ணல."

அப்போது பாஸ்கர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்: "டாக்டரம்மா, எங்கம்மா கால்லயும் ஒரு புண்ணு, ஆறவே மாட்டேங்குது. அதுலயும் இந்த உறைதான் கீதா?"

மலர்விழி கொஞ்சம் யோசித்தாள். "பாக்காம எனக்குத் தெரியாதுண்ணா. நான் வைத்தியம் பாக்குற டாக்டரும் இல்ல. நாளைக்கே நம்ம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. கால் புண் பாக்குற டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

டாக்டர் வசந்தா "போதும்மா, மூடிரு" என்றார். அதன்பிறகு ஏர்போர்ட் வரை போனில் மெயில் பார்த்துக்கொண்டே வந்தார். மலர்விழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை பாடுபட்டு மாட்டிக்கொண்டதும் வீணா?

இறங்கி, பெட்டியை வாங்கிக்கொண்டு டாக்டர் வசந்தா என்னிடம் சொன்னார்: "ஒரு பயணத்துல ரெண்டு தடவ தெரியாதுன்னு சொல்லிட்டா. என் லேபுல எல்லாம் தெரிஞ்சவங்கதான் இருக்காங்க, அவங்கள வச்சுக்கிட்டு நான் படுற பாடு!" மலர்விழியிடம் திரும்பினார். "ஒண்ணாந்தேதி வந்து சேந்துருவியா?"

அந்தப் பெண் வேகமாகத் தலையாட்டினாள். திரும்பும் வழியில் அம்மாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அந்த அம்மா கேட்டது எங்களுக்கும் கேட்டது: "வேலையா? அப்போ ஒருவழியா பாஸாயிட்டியாடி?" வண்டியே குலுங்கும்படி சிரித்தோம்.

3. பாடம்

விழா நடத்தும் இளையவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். யாருக்காக விழாவோ, அவரை முதலில் பேச விடுங்கள்.

அடுத்த வருடம் நிகழ்ச்சி நிரலோடு டீன் அறைக்குப் போனேன். முதலில் போஸ்ட்டாக்குகள், கடைசியில் பொன்னாடை.

"பொன்னாடை போடாம எப்படி மேடம் ஆரம்பிக்கிறது? வந்தவங்க பாதியில எந்திரிச்சுப் போயிட்டா?"

"பொன்னாடைய வாங்காம யாரு சார் போவா?"

டீன் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் முழுதாகப் பத்து நிமிடம் பேசினார்கள். முன் வரிசையில் ஒரு நாற்காலிகூடக் காலியாகவில்லை. வேறு வழியில்லாமல் உட்கார்ந்து கேட்ட பிரமுகர்களில் ஒருவர், கடைசியில் கை தூக்கிச் சந்தேகம்கூடக் கேட்டார்.