நெல் அறையில் இரண்டு பாட்டு

எங்கள் வீட்டில் முதன்முதலில் பதிவானது அக்காவின் பாட்டு அல்ல, மின்விசிறி. அக்காவும் அதில் பாடியிருந்தாள். ஆனால் போட்டுக் கேட்டபோது விசிறிதான் கச்சேரி செய்தது, அக்கா பின்பாட்டு.

எனக்கு அப்போது பதினோரு வயது. ஊர் திருப்பனந்தாளுக்குக் கிழக்கே, கொள்ளிடத்துக்கும் மண்ணியாற்றுக்கும் நடுவில். அக்கா பிளஸ் டூ முடித்து ஒரு வருஷமாக வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப் அவளுடையது. அதை இயக்கத் தெரிந்தவள் நான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த சித்தப்பா, கோடாலித் தைலத்துக்கும் சாக்லேட் பைகளுக்கும் நடுவே துண்டில் சுற்றி ஒரு மைக் அனுப்பியிருந்தார். தங்கியிருந்த இடத்தில் நண்பர்களோடு சேர்ந்து பாட்டுப் பதிந்து பழகியவர் அவர்.

மைக் வந்ததற்குக் காரணம் இருந்தது. சென்னையில் ஓர் இசைப்பள்ளி, குரலை மட்டும் கேட்டு ஆள் எடுத்தது. இரண்டு பாட்டு அனுப்ப வேண்டும். ஒன்று நிதானமானது, ஒன்று வேகமானது. இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். எதிரொலி கூடாது. பாட்டுக்கு முன்னும் பின்னும் வேறு சத்தம் கூடாது. மாசி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும்.

அப்பா ஒரே ஒரு வாய்ப்புதான் கொடுத்திருந்தார். "ஒரு தடவை அனுப்பிப் பாரும்மா. வரலைன்னா வேளாங்கண்ணிப் பக்கம் நர்சிங் சேர்ந்துடு. அதுக்கு மேல வீட்ல உக்காந்திருக்க வேணாம்" என்றார். நியாயமான பேச்சுதான். சிக்கல் என்னவென்றால், வீட்டில் கோழி அறுக்கும் நாளில் அக்கா கொல்லைப் பக்கமே வரமாட்டாள். எனக்கு ஊசி போட்டபோது மயங்கி விழுந்தவளும் அவள்தான்.

விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி பதிந்தோம். திரையில் அவள் குரல் பச்சைக் கோடாக ஏறி இறங்கியது, உச்சத்தில் சிவந்தது. சிவந்தால் நல்லது என்று நான் முடிவு செய்தேன். எங்கள் ஊரில் படியைக் குவித்து அளப்பார்கள். தலை தட்டி அளப்பவரைக் கருமி என்பார்கள். குரலையும் நான் குவித்தே அளந்தேன். கேட்டுப் பார்த்தால், அக்கா மேலே போகும் இடத்தில் எல்லாம் யாரோ தகரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பா போனில் சிரித்தார். "ஏய், சிவப்பே வரக்கூடாது. முக்கால்வாசியில நிறுத்து. மிச்சம் அவ கத்துறதுக்கு இடம். அப்புறம் இன்னொண்ணு. பாடறதுக்கு முன்னாடி பத்து பன்னெண்டு செகண்ட் சும்மா ஓடவிடு. அந்த அமைதியைக் காட்டித்தான், எது இரைச்சல்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுக்கணும்."

அமைதி எங்கள் ஊரில் கரண்ட்டைப் பொறுத்தது. வயலுக்கு விடும் த்ரீ பேஸ் வந்துவிட்டால் சுற்றியுள்ள போர்வெல் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும். அது போகும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு இடம் தேடினோம். கூடத்தில் மொசைக் தரை குரலைத் திருப்பி அடித்தது. அடுக்களையில் அக்கா மேல் ஸ்வரத்தைத் தொட்டதும் பரணில் இருந்த தூக்குச்சட்டிகள் கூடவே பாடின. கடைசியில் பின்கட்டில் இருந்த நெல் அறைக்குப் போனோம்.

சம்பா அறுவடை முடிந்திருந்த நேரம். சன்னல் இல்லாத அந்த அறையில் மூன்று சுவரையும் மறைத்து உத்தரம் வரை மூட்டைகள். நடுவில் இரண்டு பேர் நிற்க மட்டும் இடம். ஞாயிற்றுக்கிழமை அங்கே நிதானமான பாட்டைப் பதிந்தோம். ஹெட்போனில் கேட்டபோது அக்கா என் காதுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் மூச்சு எடுப்பதுகூடத் தெரிந்தது. அவள் ஹெட்போனைப் பிடுங்கிக் கேட்டாள். பிறகு திரும்பவும் கேட்டாள். "இது நானாடி?" என்றாள்.

அறை ரோட்டைவிட்டுத் தள்ளி இருக்கிறது, சன்னல் இல்லை, அதனால்தான் இப்படி வருகிறது என்று அவளுக்கு விளக்கினேன். ஒரே ஒரு குறை, நெல்லுச் சுணை. உடம்பு அரித்தது, தொண்டையில் தூசி இறங்கியது. ஒரு பாட்டு முடிவதற்குள் அக்கா ஆறு முறை இருமி, ஏழாவது முறைதான் முழுதாகப் பாடினாள். அடுத்தது வேகமான பாட்டு. அதில் இருமலுக்கு இடமே கிடையாது. ஆகவே நான் அப்பாவிடம் போனேன்.

"அப்பா, அந்த மூட்டையெல்லாம் எப்பப்பா எடுப்பீங்க?"

"கொள்முதல் நிலையத்துல அடுத்த வாரம் வரச் சொல்லிருக்காங்க. நெல்லு உன்னை என்ன பண்ணுச்சு?"

"அக்காவுக்கு இருமல் வருது. ரூமைக் காலி பண்ணிக் குடுத்தா இன்னும் நல்லாப் பாடுவா."

அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு போய், யாரிடமோ பேசித் தன் முறையை மாற்றிக்கொண்டு வந்தார். செவ்வாய்க்கிழமை டிராக்டர் வந்து மூட்டை முழுவதையும் ஏற்றிக்கொண்டு போனது. அம்மா அறையைப் பெருக்கி, இரண்டு முறை கழுவிவிட்டு, சாம்பிராணியும் போட்டாள். சுவர்கள் பளிச்சென்று தெரிந்தன. ஊரிலேயே நல்ல ஸ்டுடியோ எங்களுடையது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை வேகமான பாட்டைப் பதிந்தோம். அக்கா ஒருமுறைகூட இருமவில்லை. பாட்டு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"என்னடி பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. தரை ஈரம். மைக் நனைஞ்சு போச்சு."

"தரையில கழுவினா மைக் எப்படிடி நனையும்?"

பதில் தெரியாவிட்டாலும் வைத்தியம் தெரியும். நனைந்த போனை அரிசியில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். மைக்கைத் துணியில் சுற்றி அரிசி டிரம்மில் புதைத்தேன். மறுநாள் எடுத்தபோது அதில் தவிட்டு வாசனை வந்ததே தவிர எதிரொலி போகவில்லை. நெல்லை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டு அரிசியிடம் வைத்தியம் கேட்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

கடைசி நாளான அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி. மூன்று மணிக்கு த்ரீ பேஸ் வந்துவிடும். அக்கா அழவில்லை. அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து, "ஏம்மா, நர்சிங்ல முதல் வருஷமே ஊசி போடச் சொல்வாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்பா வயலிலிருந்து வந்தார். கயிறு எடுக்கக் காலி அறைக்குள் போனவர், "தாம்புக் கயிறு எங்க?" என்று சத்தம் போட்டார். கயிறு, கயிறு என்று சுவர்கள் கேட்டன. அப்பா அப்படியே நின்றார். ஒருமுறை கை தட்டினார். வெளியே வந்து தாழ்வாரத்தில் கை தட்டினார். மறுபடி உள்ளே போய்த் தட்டினார். பாட்டு எப்படிக் கேட்கிறது என்பது பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"நெல்லு இருந்தப்ப இப்படிக் கேக்கலல்ல?"

"இல்லப்பா."

"மூட்டைதான் சத்தத்தைக் குடிச்சிருக்கு."

அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மூட்டையை எடுக்கச் சொன்னவள் நான்தான். அதை அவர் சொல்லிக் காட்டவில்லை.

"இன்னும் யார் வீட்டுல நெல்லு இருக்கு?" என்றாள் அக்கா.

அம்மா கொல்லை வேலிப் பக்கம் பார்த்தாள்.

வேலிக்கு அந்தப்பக்கம் பெரியப்பா வீடு. வாய்க்கால் மடையை யார் அடைத்தது, யாருடைய தண்ணீர் முறை என்பதில் அப்பாவுக்கும் அவர் அண்ணனுக்கும் தகராறு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊரார் பார்க்க வயலில் நின்று, சொல்லக் கூடாததையெல்லாம் சொல்லிக்கொண்டார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதிலிருந்து கல்யாண வீட்டில்கூட ஒருவர் உட்கார்ந்த பந்தியில் இன்னொருவர் உட்காரமாட்டார். வேலியில் ஓர் ஆள் நுழையும் சந்து இருந்தது. அம்மாவும் பெரியம்மாவும் நாங்களும் அதன் வழியாகத்தான் குழம்புக் கிண்ணங்களோடு போய்வந்தோம். ஆம்பளைகள் இருவரும் அந்தச் சந்து கண்ணில் படாதது போல நடமாடினார்கள்.

"நான் போய்ப் பெரியம்மாகிட்ட கேக்குறேன்" என்று கிளம்பினேன்.

"நீ இரு" என்றார் அப்பா.

கை கால் கழுவினார். உள்ளே போய்க் கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டார். ஒவ்வொரு பித்தானாகப் போட்டார். வேலிச் சந்து பத்தடி தூரத்தில் இருந்தது. அப்பாவோ வாசல் வழியாக இறங்கி, தெருவோடு சுற்றிக்கொண்டு பெரியப்பா வீட்டு முன்வாசலுக்குப் போனார். மணி ஒன்றரை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அரைமணி நேரம் இரவல் கேட்பதற்கு எதற்குச் சட்டை, எதற்குத் தெரு?

சந்து வழியாக எட்டிப் பார்த்தேன், வீட்டின் பக்கவாட்டில் முன்வாசல் வரை தெரிந்தது. பெரியப்பா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்பா கேட்டுக்கு வெளியே நின்று எதையோ சொன்னார். பெரியப்பா பேப்பரை மடித்தார், எழுந்திருக்கவில்லை. அப்பா திரும்பவும் சொன்னார். பெரியப்பா மடித்த பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"அப்பா, மணி ஆவுது!" என்று கத்தினேன். பின்னால் நின்ற அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

பெரியப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து கேட்டைத் திறந்துவிட்டார். அங்கிருந்தே, "என்ன வேடிக்கை பாக்குற? அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிட்டு வா. அக்காவைத் துண்டைச் சுத்திக்கச் சொல்லு, சுணை அரிக்கும். மூட்டை மேல ஏறின, காலை ஒடிச்சிடுவேன்" என்று கத்தினார்.

அவர் அறையில் மூட்டைகள் எங்கள் வீட்டில் இருந்ததைப் போலவே அடுக்கியிருந்தன. பெரியம்மா அக்காவுக்கு மிளகு போட்டு வெந்நீர் கொடுத்தாள். மைக்கை ஒரு மூட்டை மேல் வைத்து, திரையில் பச்சைக் கோட்டை முக்காலில் நிறுத்தி, கதவைச் சாத்தினேன். சித்தப்பா சொன்னபடி முதலில் அமைதியை ஓடவிட்டேன். விரலை உதட்டில் வைத்து அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

அந்த அமைதிக்குள் கதவுக்கு வெளியே பேச்சுக் குரல் கேட்டது.

"சாப்டியாடா?"

கொஞ்சம் இடைவெளி.

"இல்லண்ணே."

"பொண்ணு பாடட்டும். சாப்ட்டுட்டுப் போ."

எனக்கு எழுந்து போய்க் கதவை உதைக்கலாம் போல இருந்தது. அதற்குள் அக்கா தொடங்கிவிட்டாள். வேகமான பாட்டை ஒரே மூச்சில், இருமாமல், தடுக்காமல் பாடி முடித்தாள். கடைசி ஸ்வரத்தை மூட்டைகள் வாங்கிக்கொண்டன. கதவைத் திறந்தபோது வெளியே அப்பா இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா எதிரில் நின்றுகொண்டு, பாட்டு முடிந்ததா என்று எங்களைக் கேட்காமல், ரசம் ஊற்றச் சொன்னார். அப்பா குனிந்து, மூக்கை உறிஞ்சியபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டில் காரம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

திருப்பனந்தாள் கடைத்தெரு இன்டர்நெட் கடைக்கு அப்பாவின் மொபெட்டில் போனோம். நாலே முக்காலுக்குப் பாட்டுகள் போய்ச் சேர்ந்தன. சித்திரையில் பதில் வந்தது. ஆனியில் அக்கா பெட்டியோடு சென்னைக்குக் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட அப்பாவோடு பெரியப்பாவும் வந்தார். அவர் வேலிச் சந்து வழியாக வந்ததை நான் கவனித்தேன், ஆனால் அதில் கவனிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. இன்று அக்கா பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள். நான் பிறர் பேசியதையும் பாடியதையும் வெட்டித் திருத்தும் வேலையில் இருக்கிறேன். அந்த வேலையில் முதலாவதாக நான் செய்த வெட்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்று கடைக்குக் கிளம்புவதற்கு முன், பெரியப்பா வீட்டு அறையிலேயே உட்கார்ந்து, பாட்டின் தொடக்கத்தைத் திரையில் பெரிதாக்கினேன். அமைதி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சிறிய மேடுகள், கதவுக்கு வெளியே கேட்ட குரல்கள். ஒன்று, தள்ளி ஒன்று, பிறகு சற்று நீளமாக ஒன்று. பாட்டுக்கு முன்னால் வேறு சத்தம் கூடாது என்பது விதி. மூன்றையும் சேர்த்துக் கோடு போட்டுப் பிடித்தேன். பன்னிரண்டு வினாடி இருந்தது. அழித்தேன். மாற்றத்தைச் சேமிக்கவா என்று லேப்டாப் கேட்டது. அது கேட்டதுகூட எனக்கு எரிச்சலாக இருந்தது. வெறும் இரைச்சலுக்கு இத்தனை கேள்வியா என்று, ஆம் என்பதை அழுத்தினேன்.