தட்டில் மிஞ்சிய வாஷர்

என் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு தேய்ந்த வாஷர் கிடக்கிறது. உள்ளங்கை அகலம், லாரியின் கியர் பெட்டியிலிருந்து வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் நான் ஸ்டோர் கிளார்க்காகக் குப்பை கொட்டியபோது அரை நிமிடம் என் உயிரை வாங்கியது இதுதான்.

கியர் பெட்டியைக் கழற்றினால் பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே சாக்கில் பரப்பிவைத்து, கடைசியிலிருந்து பூட்டிக்கொண்டு வருவதுதான் வழக்கம். எங்கள் மேஸ்திரி எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டுவார். வரிசை அவர் தலைக்குள் இருந்தது. பதினைந்து வருடக் கஞ்சா அதை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்ததை மற்ற யாரும் கவனிக்கவில்லை. கவனித்த நானோ, சித்தர்களே புகைத்தவர்கள்தானே என்று படித்த மேதாவியாக ஒத்து ஊதினேன். "தேங்கா வாங்கப் போன மனுசன், என்னத்துக்குப் போனேன்னு என்னையே வந்து கேக்கறாருங்க" என்று அவர் மனைவி அழமாட்டாத குறையாகச் சொன்னபோதும் சிரித்துத் தொலைத்தேன். ஒருநாள், பூட்டி முடித்த பிறகு தட்டில் ஒரு பேரிங் மிஞ்சியிருந்தது. வண்டி மேச்சேரியைத் தாண்டவில்லை.

"இன்னொருக்கா ஏதாச்சும் மிஞ்சுச்சுன்னா ஊட்டுக்குப் போயிருங்க, மேஸ்திரி" என்றார் முதலாளி.

மேஸ்திரி அன்றே கஞ்சாவை விட்டார். சில வாரங்கள் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, ஸ்பேனர்கள் பறந்தன. அதன்பிறகும் புத்தி ஓடிவந்துவிடவில்லை. கிரீஸ் அடிக்கும் வேலையில் மாதங்கள் போயின. முதலில் தேங்காய் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தது. பிறகு, மகள் எத்தனையாவது படிக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது. ஆறேழு மாதம் கழித்து ஒரு கியர் பெட்டியை நம்பிக் கொடுத்தார்கள். மேஸ்திரி சாக்கை விரித்தார். சாக்பீஸால் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார். வறட்டுக் கௌரவம் போனதே பாதி குணம்.

மாலையில் சாக்கு காலி. ஆனால் பக்கத்துத் தட்டில் ஒரு வாஷர்! முதலாளி வந்துகொண்டிருந்தார். சட்டென்று எடுத்து வேட்டி மடிப்பில் செருகினேன்.

"ஏனுங்க கிளார்க்கு, அது உங்களுக்கு என்னத்துக்குங்க?"

"மெல்லப் பேசுங்க மேஸ்திரி, மிஞ்சிருச்சுங்க."

"அது தேஞ்சதுங்க. புதுசு உள்ளார போட்டாச்சு. காலையில ஸ்டோர்லிருந்து எடுத்துக் குடுத்ததே நீங்கதானுங்களே?"

நானேதான். ஒரு பீடிகூடப் பிடிக்காமல் மறந்திருந்தேன். முதலாளி சிரித்த சிரிப்பில் எனக்குப் போன மூச்சு திரும்பியது. மறுநாள் அந்த வண்டி மேச்சேரியைத் தாண்டியது, திரும்பியும் வந்தது.

பழைய வேகம் மேஸ்திரிக்கு முழுதாக வரவில்லை. சாக்பீஸை அவர் விடவுமில்லை. பட்டறையில் அதன்பிறகு எதுவும் மிஞ்சவுமில்லை. இப்போது நான் இழுப்பறையைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தேன் என்று இந்த வாஷரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சாக்பீஸ் வாங்க வேண்டும், மறக்காமலிருந்தால்.