பணியாரத்துக்குக் குளிருது!

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு வி.ஐ.பி. வந்திருந்தார். பெயர் பணியாரம். உள்ளங்கையளவு உடம்பு, முதுகெல்லாம் முள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் நிவேதா வளர்க்கிற முள்ளெலி.

"காட்டுல கெடக்குறதப் புடிச்சாந்து வளக்குறியாடி?" என்றேன்.

"ஐயோ அம்மா... அதப் புடிச்சா கேஸு. இது வெளிநாட்டு ஜாதி. குளிர் மட்டும் ஆகவே ஆகாது" என்றாள்.

குளிர் ஆகாத ஜீவனை எங்கே கூட்டிப்போவோம்? மலைக்குத்தானே!

மலையடிவாரத்துப் போடி வீட்டில் இருந்தவரை பணியாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. என் வீட்டுக்காரருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. மலையின் குளிர் மொத்தமும் தன் பெயரில் பட்டா ஆகியிருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. விருந்தாளி யார் வந்தாலும் ஜீப்பில் ஏற்றி, ஏலத்தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுபோய், படுக்கையறை ஜன்னல் முன்னால் நிறுத்துவார். "எப்பிடி நம்ம கிளைமேட்டு?" என்பார். அவர்கள் 'ஆகா' சொல்கிறவரை விடமாட்டார்.

அந்த ஜன்னல் ராப்பகலாகத் திறந்தே கிடக்கும். எனக்கோ சைனஸ். அடைக்கச் சொன்னால், "காசு குடுத்தாலும் கெடைக்குமாடி இந்தக் காத்து?" என்பார். கிடைக்காதுதான்... தும்மல் மட்டும் இலவசம்.

தோட்டத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் நிவேதா கூண்டுக்குள் கம்பளித் துணி விரித்து, மேலே சூட்டு பல்பு ஒன்றையும் மாட்டி வைத்தாள். மறுநாள் காலை தோட்டத்துக்குள் நடக்கப் போனாள். நான் அடுப்படியில் இருந்தேன். இவர் சும்மா இருப்பாரா? பல்பை அணைத்தார். கம்பளியை உருவினார். கூண்டைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தார். பனிமூட்டம் பார்க்கட்டுமாம்! முள்ளெலியிடம்கூட 'ஆகா' எதிர்பார்த்த மனிதர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

திரும்பிவந்த நிவேதா அலறினாள். பணியாரம் பாதி சுருண்டு கிடந்தது. வயிறு ஜில்லென்றிருந்தது. தொட்டாலே சிலிர்த்துக்கொள்ளும் முள், அசையவே இல்லை.

"இப்பிடியே விட்டா தூக்கத்துலயே செத்துப்போயிரும்ப்பா!" என்று அழுதாள்.

ஜீப் ஓட்டும் முருகேசன் ஓடிவந்தார். "காய் காயவைக்கிற ஸ்டோர்ல நல்லா சூடு இருக்குக்கா. அங்கன வச்சிரலாமா?"

ஏலக்காயோடு சேர்த்து முள்ளெலியையும் மொறுமொறுவென்று காயவைக்கவா?

நிவேதா போனில் கால்நடை டாக்டரைப் பிடித்தாள். திடீர்ச் சூடு கூடாதாம். உடம்போடு அணைத்து வைத்தால் மெதுவாகச் சூடேறுமாம்.

யார் உடம்பு? எல்லோர் பார்வையும் ஒரே தொப்பையின்மேல் போய் நின்றது. குற்றவாளி சட்டைப் பொத்தானைக் கழற்றினார். துண்டில் சுற்றிய பணியாரத்தைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தலையில் குரங்குக் குல்லா, மேலே ரெண்டு போர்வை. முள் குத்தக் குத்த முகம் கோணியது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"ஏய், ஜன்னல அடைடி வெரசா! காத்து வருதுல்ல?"

என் காதையே நம்பாமல் ஓடினேன். தாழ்ப்பாள் அசையவில்லை. என்றைக்காவது போட்டிருந்தால்தானே அசையும்? துருப்பிடித்து இறுகியிருந்தது. சுத்தியலால் நாலு போடு போட்டு அடைத்தேன்.

காத்திருந்தோம். இது செத்துவைத்தால் என் மகள் அவள் அப்பா முகத்தில் இனி எப்படி முழிப்பாள்?

கடைசியில் அவர் நெளிந்தார். "ஆத்தா நிவேதா... அசையுது ஆத்தா! ஐயையோ, கடிக்குது!"

கண்ணெல்லாம் தண்ணீர். வலியா, சந்தோஷமா? அவரைத்தான் கேட்கவேண்டும். சட்டைக்குள் பணியாரம் இன்னொரு சோலியையும் முடித்திருந்தது. அதற்கும் சிரித்தார் மனுஷன்.

நிவேதா ஊருக்குப் போய்விட்டாள். ஜன்னல் இன்னும் அடைத்தபடியே இருக்கிறது. 'அடுத்த தடவை வர்றப்ப அதுக்குக் குளிரும்ல' என்று இடுக்கில் பஞ்சுகூடத் திணித்து வைத்திருக்கிறார்.

கல்யாணமாகி வந்த நாள்முதல் அந்த ஜன்னலைப் பார்த்துத் தும்மிக்கொண்டிருக்கிறேன்... உடம்பில் நாலு முள் முளைக்காதது என் தப்புதான்!