நேயர் விருப்பத்தில் அவர் பெயர்

போன வாரம் டிவி பாட்டுப் போட்டியில் ஒரு பெண் அந்தப் பழைய பாட்டைப் பாடினாள். நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காலத்தால் அழியாத பாட்டு" என்றார். அழிந்தால் தேவலை. படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை; கதை யாருக்கும் ஞாபகமில்லை. பாட்டை மட்டும் கடலுக்கு அக்கரையிலிருந்த ரேடியோ பிடித்துக்கொண்டது. வாராவாரம் போட்டுப் போட்டு, எங்கள் கரைப்பக்கம் முழுவதற்கும் மனப்பாடமாக்கிவிட்டது. நல்ல பாட்டுத்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதனால்தான் அதன்மேல் எனக்கு இத்தனை கோபம்.

கல்யாணமான நாலாம் மாதம் என் வீட்டுக்காரர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார். எங்கள் ஊர் தொண்டிக்கும் திருவாடானைக்கும் நடுவில். மழை ஏமாற்றினால் ஆண்கள் கப்பலேறிவிடுவார்கள். அவர் கடிதத்தை மாமனார் எல்லோரையும் உட்காரவைத்து உரக்கப் படிப்பார். பெண்டாட்டிக்கென்று அதில் என்ன எழுத முடியும்? "வீட்டில் மற்றவர்களையும் கேட்டதாகச் சொல்லவும்" என்று முடியும். அந்த மற்றவர்களில் நான் ஒருத்தி. அதனால்தான் அவர் நேயர் விருப்பத்துக்குக் கார்டு போட ஆரம்பித்தார். ஞாயிறு மாலை ஊர்ப் பெரியவரான அம்பலக்காரர் வீட்டு ரேடியோவில் அவர் பெயரும் எங்கள் ஊர்ப் பெயரும் வரும். பிறகு அந்தப் பாட்டு. மாமியார் தனக்குத்தான் என்று பூரித்துப்போவார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

ஒருமுறை ஊருக்கு வந்திருந்தபோது என் வீட்டுக்காரர் என்னிடம் மட்டும் சொன்னார்: "கார்டு போட்டா ஒடனே வாசிச்சிர மாட்டாக. ரெண்டு மூணு மாசம் அங்கன மூட்டையில கெடக்கும்."

பிறகு ஒரு வைகாசியில், கொழும்பில் நம்மாட்களை அடிக்கிறார்கள், கடைகள் எரிகின்றன என்று பேச்சு வந்தது. கடிதம் நின்றது. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம். நாலு வாரம் இப்படிப் போனது. மாமனார் ராமேசுவரம் போய், அக்கரையிலிருந்து வந்திறங்கியவர்களை விசாரித்து வருவதென்று முடிவானது. திங்கட்கிழமை முதல் பஸ். ஞாயிறன்றே கட்டுச்சோற்றுக்குப் புளி கரைத்து வைத்தேன்.

அன்று மாலை வழக்கம்போல ரேடியோவுக்குப் போனோம். அவர் பெயர் வந்தது. ஊர்ப் பெயர் வந்தது. பாட்டும் வந்தது. மாமியார் தெருவிலேயே விழுந்து கும்பிட்டார். நான் விரல்விட்டு மாதங்களை எண்ணினேன்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "பேரு வாசிச்சாச்சு, பெறகென்ன? எம்மகன் நல்லாத்தான் இருக்கான். புழுதி உழவு அப்படியே கெடக்கு, நான் அங்கன போயி யாரக் கேக்க?"

அது கலவரத்துக்கு முன்னால் போட்ட கார்டு என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால், உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். பாட்டு யாருக்கு வந்தது என்பதும் வெளியே வரும். வெட்கம் மட்டும் என்று சொன்னால் பொய். எனக்கும் நம்ப ஆசையாக இருந்தது. கரைத்த புளியில் குழம்பு வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள், அவரோடு அதே கடையில் வேலை பார்த்தவர் வந்து நின்றார். தலைக் காயத்தோடு அவரைக் கப்பலில் கூட்டிவந்து, ராமேசுவரத்தில் ஒரு சத்திரத்தில் படுக்கவைத்திருந்தாராம். காயம் புரையோடி முந்தாநாள் உயிர் போய்விட்டது என்றார்.

"தேறிருவாரு, கையோட கூட்டியாந்துரலாம்னு இருந்தேன்யா. கடுதாசி போட்டா பயந்துருவீகன்னு போடல."

"எத்தன நாளு கெடந்தான்?" என்று மாமனார் கேட்டார்.

"பதினாறு நாளு. வாசல்ல நெழலாடுனா, 'எங்க அய்யாவா?'ன்னு கேப்பாரு."

மாமனார் அதற்குப் பிறகு ரேடியோ இருக்கும் தெருப்பக்கமே போகவில்லை. மாமியார் அப்படியில்லை. எங்கே அந்தப் பாட்டு வந்தாலும், "எம்மகன் கேட்ட பாட்டு, சத்தம் போடாதீக" என்று எல்லோரையும் அடக்குவார். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொள்வார். முப்பது வருஷம், அவர் கண்மூடும்வரை, பாட்டு முடிகிற வரைக்கும் அந்தக் கையை விடாமல் உட்கார்ந்திருந்தேன். பாட்டு யாருக்கு வந்தது, கார்டு எப்போது போட்டது, இரண்டையும் அவரிடம் சொல்லவில்லை.