எப்பெர்னேயில் ஓடும் ஆறு

எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நான் மரக்கறி வாங்கும் கடையில் பெட்டி அடுக்குகிற அண்ணை அவர். திராட்சை வந்தால் குலையைத் தூக்கி, காம்பை நகத்தால் அழுத்திப் பார்ப்பார். ஒன்றையும் வாயில் போடமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எப்பெர்னேக்குச் சுற்றுலா போய்வந்த நான், மறுநாள் கைபேசியை அவரிடம் நீட்டிப் படம் காட்டினேன். பழைய வைன் நகரம், பாலம், கீழே மார்ன் ஆறு.

“அங்கை நான் திராட்சை வெட்டினனான், தம்பி. விடியமுன்னம் வாகனத்திலை அடைச்சுக் கொண்டுபோவினம், இருட்டினாப்பிறகுதான் திரும்பக் கொண்டருவினம். ஆறு இருக்கெண்டே தெரியாது.”

கைபேசியை அவர் உடனே திருப்பித் தரவில்லை.

“அங்கை நிக்கேக்கைதான் என்ரை அகதிக் கேஸ் கடைசியா ரிஜெக்ட் எண்டு போன் வந்தது. பக்கத்திலை ஆறு ஓடுறது அண்டைக்குத் தெரியாமல் போனது நல்லது.”

இப்போதெல்லாம் கூடையை எடுக்குமுன் அவர் கடையில் நிற்கிறாரா என்று பார்க்கிறேன். ஆற்றைக் காட்டியவன் நான்.