கண்டிக்குப் போனால் ‘ஒப்பரேசன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

வயிறு பேச்சுக் கேட்காதவர்கள் புசல்லாவையிலிருந்து கண்டிக்கு டொக்டரைப் பார்க்கப் போவதானால் இதைப் படியுங்கள். போன செவ்வாய்க்கிழமை நானும் கணவரும் போனோம். எழுதவே கூசுகிறது. நாற்பது வருடம் கூசியதால்தான் இந்தப் பயணமே.

காலை 6.10 பஸ். ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர், ஒன்றே முக்கால் மணிநேரம், ஆளுக்கு 170 ரூபா. முதல்நாள் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்தியும் கம்பளையில் நான் இறங்கி ஓட வேண்டியதாயிற்று. கழிப்பறைக்கு 20 ரூபா, சில்லறை கையிலேயே இருக்கட்டும். கணவரும் கூடவே இறங்கி, “எனக்குத்தான் வயிறு சரியில்ல, அஞ்சு நிமிசம் நிப்பாட்டுங்க தம்பி” என்று கண்டக்டரிடம் கெஞ்சினார். என் மானத்தை அவர் இப்படித்தான் காப்பாற்றுவார்.

மகள் பிறந்தபின் நான் ஊதிப்போனேன். நான் படிப்பித்த பிள்ளைகளே என் நடையை நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். லீவுக்குச் சென்னையில் மாமா வீட்டுக்குப் போனவள், அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கித் தைத்துக்கொண்டேன். சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது என்றார்கள். இன்று அதை யாரும் செய்வதில்லையாம். மெலிந்து திரும்பியவளின் தழும்பைப் பார்த்துக் கணவர் கேட்டபோது, “ஒப்பரேசன்” என்றேன். எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான், இனிப் பிள்ளை வேண்டாம் என்று செய்துகொள்வது. அவரும் அதையே நம்பிவிட்டார். குண்டாக இருந்ததற்காக வயிற்றைக் கிழித்துக்கொண்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டு அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த பிள்ளை வரவும் இல்லை.

பஸ் நிலையத்திலிருந்து கிளினிக்குக்கு முச்சக்கரவண்டி 300 ரூபா. டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். “முந்தி என்ன ஒப்பரேசன் செய்தனீங்கள்?” என்று கேட்டார்.

கணவர் முந்திக்கொண்டார். “புள்ள வேணாம்னு செஞ்சது டொக்டர். நான்தான் செய்யச் சொன்னேன்.”

இதே பொய்யைத் தன் தாயிடமும் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்காதவள் நான்.

“அதுக்கு இவ்வளவு நீளமா வெட்டமாட்டினம் ஐயா” என்றார் டொக்டர்.

தலை குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று தரம் வந்த சிறுநீரகக் கல், மூட்டுவலி, கெட்டுவரும் ஈரல், எல்லாமே அதனால்தானாம். “குடலைத் திரும்பப் பொருத்தலாம். முதல்ல உடம்பைத் தேத்த வேணும்.” நான் கேட்ட முதல் கேள்வி, “மறுபடியும் குண்டாயிடுவேனா?” கேட்ட பிறகு எனக்கே சீ என்றாகிவிட்டது.

போகிறவர்கள் பழைய மருந்துத் துண்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். எந்த உறுப்பில் என்ன செய்தார்கள் என்று முழுதாகச் சொல்லுங்கள். நான் சொல்லாததால் இத்தனை வருடமும் டொக்டர்மார் கல்லுக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள்.

திரும்பும்போது 12.30 பஸ். கம்பளை நெருங்கும்போது அவர் கேட்டார், “அப்ப, ரெண்டாவது புள்ள வேணாம்னு நீ நெனச்சதே இல்லையா?”

“இல்லைங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்பளையில் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து கண்டக்டரிடம் போனார். “தம்பி, எனக்கு வயிறு...” என்று ஆரம்பித்தார்.

“அவருக்கில்ல தம்பி,” என்றேன், பஸ் முழுக்கக் கேட்கும்படி. “எனக்குத்தான்.”